கேள்வியும் பதிலும்: விடிகாலை 4.37

ஐயா, போன வருஷம் இதே பகுதியில் எனக்கு நீங்கள் எழுதிய பதிலை வெட்டி இத்துடன் இணைத்திருக்கிறேன். "அலாரத்தை நிறுத்துங்கள். தொப்பியைக் கழற்றி அலுமாரியில் வையுங்கள். ஆறு மாதம் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். நான் கேட்டேன். 2025 ஏப்ரலிலிருந்து ஓர் ஆட்டமும் பார்க்கவில்லை, செய்தியும் படிக்கவில்லை. நான் பார்க்காத வருஷத்தில்தான் என்னுடைய பேஸ்போல் அணியான ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் கடைசி இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தார்கள். செப்டெம்பர் முடிவில் ஸ்காபரோவிலிருந்து அண்ணர் எடுத்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அவசரமாகத் தொப்பியைத் தேடிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உலகத் தொடர் என்ற இறுதித் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், கடைசி இன்னிங்ஸான ஒன்பதாவது, இன்னும் இரண்டே இரண்டு பேரை ஆட்டமிழக்கச் செய்தால் கிண்ணம். அந்த இடத்தில் போய்த் தோற்றோம். "ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவன் கடைசியில் வந்து குந்தினால் வேறென்ன நடக்கும்" என்கிறார் அண்ணர். இரண்டு நாளாக என் போனை எடுக்கிறாரில்லை. எனக்கு நேரான பதில் வேண்டும். பிழை உங்களுடையதா, என்னுடையதா?
— ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், வெள்ளவத்தை

பிழை என்னுடையது.

பதினொரு வருஷமாக இந்தப் பகுதியில் எழுதுகிறேன். கறிவேப்பிலைக் கன்றுக்கு ஏன் இலை சுருள்கிறது என்பதிலிருந்து மதில் தகராறு வரை பதில் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் இதுவரை என் பதிலை வெட்டி ஒட்டி எனக்கே திருப்பி அனுப்பியதில்லை. நீங்கள் சிவப்புப் பேனையால் "ஆறு மாதம்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறீர்கள். வங்கியில் இருந்தவர் அல்லவா.

மற்ற வாசகர்களுக்கு விஷயம் விளங்க வேண்டும். இவர் 2024 ஒக்டோபரில் எனக்கு எழுதிய முதல் கடிதம் மூன்று ஃபூல்ஸ்காப் தாள், இருபக்கமும். தமையன் 1987இல் கனடாவுக்குப் போனவர். 1993 ஒக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை காலை, இவர்கள் வீட்டில் போன் இல்லாத காலம், முன் வீட்டுக்கு எடுத்து இவரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். ஊரில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினால், மறுமுனையில் ஒரே கத்தல்: "கார்ட்டர் அடிச்சிட்டான்ரா!" ஜோ கார்ட்டர் என்றால் யார், எதை அடித்தார் என்று இவருக்கு அன்றைக்குத் தெரியாது. உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் ரொறன்ரோ பின்னால் நின்றபோது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்து, தொடர்ச்சியாக இரண்டாவது வருஷமும் கிண்ணத்தை வாங்கிக் கொடுத்த மனிதர் அவர். அடுத்த வருஷம் ஊருக்கு வந்த ஒருவரிடம் நீலத் தொப்பி ஒன்றை அண்ணர் கொடுத்துவிட்டார். இவருடைய வியாதி அதிலிருந்து தொடங்குகிறது.

வியாதி என்று நான் சொல்லவில்லை, அவர் மனைவி சொல்வதாக அவரே எழுதியிருந்தார்.

ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். ரொறன்ரோவில் இரவு 7.07க்குத் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு விடிகாலை 4.37. காலி வீதியில் முதல் பஸ்கள் உறுமத் தொடங்கும் நேரம். இவர் எழும்பி, மற்றவர்களை எழுப்பாமல் குசினியில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு கைபேசிக்கு முன்னால் உட்காருவார். ஏழு, ஏழரைக்கு ஆட்டம் முடியும். முடிந்த கையோடு ஸ்காபரோவிலிருந்து அழைப்பு வரும். இந்த இடத்தைக் கவனியுங்கள், பிறகு திரும்பி வருகிறேன்.

அந்த மூன்று தாளில் இரண்டரைத் தாள் புகார். 1993க்குப் பிறகு பருவ முடிவுச் சுற்றுக்குள் கால்வைக்கவே 2015 வரை ஆனது. அதை அவர் மன்னித்துவிட்டார். மன்னிக்க முடியாதவை அண்மைக் காலத்தவை. 2022 ஒக்டோபரில் சொந்த மைதானத்தில் சியாட்டில் அணிக்கு எதிராக 8–1 என்று முன்னால் நின்று 10–9 என்று தோற்றது. 2023இல் மினசோட்டாவில், பந்தெறிபவர் ஹொசே பெரியோஸ் நன்றாக எறிந்துகொண்டிருக்க, 47 பந்தோடு அவரை வெளியே கூப்பிட்டு, அதே இன்னிங்ஸில் இரண்டு ஓட்டம் கொடுத்து, 2–0 என்று வீட்டுக்குப் போனது. "ஓர் ஓட்டமும் கொடுக்காமல் எறிபவனை எந்த மடையன் நிறுத்துவான்" என்று கேட்டிருந்தார். கிரிக்கெட்டில் ஐந்து ஓவருக்கு பத்து ஓட்டம் மட்டும் கொடுத்துப் போட்டுக்கொண்டிருக்கும் பந்துவீச்சாளரை அணித்தலைவர் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டால் எங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அதே வருஷம் டிசெம்பரில் அந்த விமானக் கூத்து. ஜப்பானிய வீரர் ஷொஹேய் ஒட்டானி ரொறன்ரோவுக்கு வருகிறார் என்று கதை கிளம்பி, கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்ட ஒரு தனியார் விமானத்தை ஆயிரக்கணக்கானோர் இணையத்தில் பின்தொடர்ந்தார்கள். இவரும் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அந்தச் சின்ன விமானப் படம் அமெரிக்க வரைபடத்தில் ஊர்வதை இரவிரவாகப் பார்த்திருக்கிறார். விமானம் இறங்கியது. உள்ளே இருந்தவர் ஒரு கனேடிய வர்த்தகர். அடுத்த நாள் ஒட்டானி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுடன் பத்து வருஷத்துக்கு 70 கோடி டொலருக்கு ஒப்பந்தம்.

பிறகு 2024. 74 வெற்றி, 88 தோல்வி. ஐந்து அணிப் பிரிவில் ஐந்தாமிடம். நட்சத்திரம் என்று நம்பியிருந்த போ பிஷெட் காயத்தோடு பாதிப் பருவம், மிச்சப் பாதியில் நான்கே நான்கு ஹோம் ரன். நூறு தடவை அடிக்க நின்றால் 22, 23 தடவைதான் சரியான அடி. ஜோர்ஜ் ஸ்பிரிங்கருக்கு 22. ஜூலையில் ஆளாளாக விற்றார்கள். அதிலே ஒரு விநோதம் நடந்தது, எனக்கே வாசித்தபோது சிரிப்பு வந்தது. ஜூன் 26இல் பொஸ்டனில் ஓர் ஆட்டம் மழையால் பாதியில் நின்றது. நின்றபோது ரொறன்ரோவின் டனி ஜான்சன் மட்டையோடு அடிக்க நின்றார். இடையில் அவரைப் பொஸ்டனுக்கே விற்றுவிட்டார்கள். ஓகஸ்ட் 26இல் அதே ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்கியபோது ஜான்சன் பொஸ்டன் சட்டையில், அடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிறார். பெரிய லீக் வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் விளையாடிய முதல் ஆள். நம்முடைய வாசகர் இதற்கு எழுதியிருந்த வசனம்: "எங்கள் அணியின் அழகு, எங்கள் ஆளே எங்களுக்கு எதிராக விளையாட வேண்டியிருக்கிறது."

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: இரத்த அழுத்தம் 160, டொக்டர் ஏசுகிறார். நான் பிடித்துக்கொண்டது அந்த ஒரு வரியை. அதை வைத்துத்தான் அலாரத்தை நிறுத்தச் சொன்னேன்.

எனக்கு அப்படிச் சொல்ல என்ன தகுதி? ஒன்றுமில்லை. சொல்லப்போனால் நேரெதிர். 1982 பெப்ரவரி, பொரளைக்கு அந்தப் பக்கம் சரவணமுத்து மைதானம், இலங்கையின் முதலாவது டெஸ்ட், இங்கிலாந்துக்கு எதிராக. எனக்கு அப்போது பதினெட்டு. நான்காம் நாள் காலை அப்பாவோடு வெயிலில் உட்கார்ந்திருக்கிறேன், கையில் ஒரு சரை கச்சான். மூன்று விக்கெட்டுக்கு 167. வெல்லப் போகிறோம் என்று பக்கத்திலிருந்த ஒரு கிழவர் மாலை வாங்கவே ஆளனுப்பத் தயாராக இருந்தார். சரையில் பாதி முடியவில்லை, 175க்கு எல்லோரும் அவுட். எட்டு ஓட்டத்துக்கு ஏழு விக்கெட். ஜோன் எம்புரிக்கு ஆறு. அப்பா ஒன்றும் பேசவில்லை. மிச்சக் கச்சானை என் கையிலிருந்து வாங்கி ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றுகொண்டு பொரளைச் சந்தி வரைக்கும் நடந்து வந்தார்.

1985 செப்டெம்பரில் அதே மைதானத்தில் இந்தியாவை 149 ஓட்டத்தால் வென்று முதலாவது டெஸ்ட் வெற்றி. அன்றைக்கு நான் கண்டியில் ஒரு வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் இருந்தேன். வேலையும் கிடைக்கவில்லை. எட்டு ஓட்டத்துக்கு ஏழு விக்கெட் விழுந்ததைக் கண்ணால் கண்டவன், வென்றதை வானொலியில் கேட்டவன். இப்படிப்பட்ட ஒருவன் உங்களுக்குத் தொப்பியைக் கழற்றச் சொல்லி எழுதியிருக்கிறான் என்றால், அவனுக்கு என்ன சொல்வது.

நான் எங்கே பிழை விட்டேன் என்று இந்த வாரம் பேனையும் தாளும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2024இல் 74 வெற்றி. 2025இல் 94. வித்தியாசம் இருபது. 162 ஆட்டத்தில் இருபது என்றால் எட்டு ஆட்டத்துக்கு ஒன்று. வாரத்துக்கு ஒன்றுகூட இல்லை. அவ்வளவுதான் கடைசி இடத்துக்கும் முதலிடத்துக்கும் நடுவில் உள்ள தூரம். நீங்கள் தினமும் பார்த்தவர், தினமும் தோற்றதுபோலத்தான் தெரியும். ஆனால் அந்தக் கேவலமான வருஷத்திலும் அவர்கள் 74 காலைகளில் வென்றிருக்கிறார்கள். உங்கள் மூன்று தாளில் அந்த 74இல் ஒன்றுகூட இல்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டாவது, ஆட்கள். "எல்லோரையும் கலைக்க வேண்டும்" என்று எழுதியிருந்தீர்கள். பெரியோஸை வெளியே எடுத்த முகாமையாளர் ஜோன் ஷ்னைடரைத்தான் முதலில். அவரைக் கலைக்கவில்லை. அதே ஷ்னைடர்தான் இந்த வருஷம் நியூயோர்க் யாங்கீஸை நான்கு ஆட்டத்தில் அனுப்பிவிட்டு, சியாட்டிலை ஏழாவது ஆட்டத்தில் முடித்தார். அந்த ஏழாவது ஆட்டத்தில் பின்னால் நின்றபோது மூன்று ஓட்ட ஹோம் ரன் அடித்தவர் யார்? நூறுக்கு 22 அடித்த கிழட்டு ஸ்பிரிங்கர். இந்த வருஷம் நூறுக்கு 31, ஹோம் ரன் 32, வயது 36. பிஷெட்டும் அப்படியே, நூறுக்கு 31. முழங்காலில் காயத்தோடு வந்து, டொட்ஜர்ஸுக்கு எதிரான உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஒட்டானி எறிந்த பந்தையே மூன்று ஓட்டத்துக்கு வெளியே அனுப்பினார். அந்த விமானத்தில் வராத ஒட்டானி. அந்த ஒரு அடிக்காக மட்டும் நான் உங்கள் வீட்டு வாசலில் வந்து மன்னிப்புக் கேட்கலாம்.

ஆனால் ஒன்று. எல்லா மோசமான அணிக்கும் இந்தப் பதில் பொருந்தாது. அதே 2024இல் சிக்காகோ வைட் சொக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. நவீன காலத்தில் யாரும் ஒரு பருவத்தில் அத்தனை தோற்றதில்லை. நடுவில் ஒருமுறை தொடர்ந்து 21. பிட்ஸ்பர்க் என்று ஓர் அணி, 1993 முதல் 2012 வரை இருபது வருஷம் தொடர்ச்சியாக வெற்றியைவிடத் தோல்வி அதிகம். அந்த அணிகளின் ரசிகர் யாராவது வெள்ளவத்தையில் இருந்து எனக்கு எழுதியிருந்தால், இன்றைக்கும் அலாரத்தை நிறுத்தத்தான் சொல்வேன். உங்கள் அணி அப்படியில்லை. காசு செலவழிக்கிறது, ஆட்களைத் தேடுகிறது, கெட்டித்தனமாக முயற்சி செய்துவிட்டு மடத்தனமாகத் தோற்கிறது. 2025 ஏப்ரலில் விளாடிமிர் குரேரோ ஜூனியரை 14 வருஷத்துக்கு 50 கோடி டொலர் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். முயற்சி செய்யாத அணி தோற்றால் கோபம் வராது, அலுப்புத்தான் வரும். உங்கள் கடிதத்தில் அலுப்பு ஒரு சொட்டும் இருக்கவில்லை. பிரஷர் 160க்குப் போனதே அதனால்தான். நான் அதை வியாதி என்று எடுத்துக்கொண்டேன்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள் பார்த்ததால் தோற்றதா?

நானும் பார்த்தேன். உங்கள் பழைய கடிதம் மேசை லாச்சியிலிருந்து முறைத்துக்கொண்டிருக்க, பரிகாரமாக உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டத்துக்கு எழும்பினேன். ஒக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தரை. விதிகள் பாதி விளங்காது, பேரன் எழுதித் தந்த துண்டு பக்கத்தில். பாணும் சம்பலும் சாப்பிட்டேன். பத்துமணிக்குத் தேத்தண்ணி. ஒன்பது இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் பதினெட்டு இன்னிங்ஸ் போனது, இரண்டு முழு ஆட்டம். ஒட்டானியை ஒருவராலும் வெளியேற்ற முடியவில்லை, ஒன்பது தடவை பேஸுக்கு, அதாவது ஓடிச் சேரும் தரிப்பிடத்துக்கு, போனார். பிறகு பயந்து, அடிக்க விடாமல் வேண்டுமென்றே முதலாவது பேஸுக்குச் சும்மா நடக்கவிட்டார்கள். எங்கள் குசினியில் மத்தியானத்துக்கு மீன் பொரியும் வாசம் வருகிறது, அங்கே லொஸ் ஏஞ்சலிஸில் நள்ளிரவாகிறது. பன்னிரண்டு மணி தாண்டி டொட்ஜர்ஸின் ஃபிரெடி ஃபிரீமன் ஹோம் ரன் ஒன்றை அடித்து 6–5 என்று முடித்தார். ஆறு மணி முப்பத்தொன்பது நிமிஷம். அன்றைக்குப் பார்த்தவன் நான், நீங்களும்தான், அண்ணரும்தான். அந்தத் தோல்விக்கு யார் ராசி?

ராசியைப் பற்றி நான் அதிகம் சிரிக்கவும் முடியாது. 1996 உலகக் கிண்ண இறுதியாட்டம் லாகூரில் நடந்தபோது, அம்மா எதையோ கேட்கக் குசினி வாசலில் வந்து நின்ற நிமிஷத்தில் அரவிந்த டி சில்வா நான்கு அடித்தார். அவ்வளவுதான். அப்பா அம்மாவை அசைய விடவில்லை. "நில்லு, நில்லு, அங்கேயே நில்லு." அரவிந்த 107 ஓட்டம் அடித்து முடிக்கும் வரைக்கும் அம்மா கையில் அகப்பையோடு நின்றார். கிண்ணம் வென்றோம். அந்த வெற்றியில் தன் கால் வலிக்கும் பங்கு உண்டு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எனவே உங்கள் அண்ணரை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு யாரையாவது திட்ட வேண்டும். மிகேல் ரொஹாஸைத் திட்ட முடியாது, அவர் போன் நம்பர் இல்லை.

ரொஹாஸ் யாரென்று மற்றவர்களுக்கு: டொட்ஜர்ஸ் அணியில் அடிக்கும் வரிசையில் கடைசி ஆள், 36 வயது, அடிப்பதைவிடப் பந்து தடுப்பதற்குப் பேர்போனவர். அவர்தான் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸில் சமன் செய்யும் ஹோம் ரன்னை அடித்தவர். நம்முடைய எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர் ஆட்கள் மட்டையைத் தூக்கி சிக்ஸர் அடித்தால் எதிரணிக்கு எப்படி இருக்குமோ அப்படி. அதற்குப் பிறகும் ரொறன்ரோ வென்றிருக்கலாம். ஒன்பதாவதின் கீழ்ப்பாதி, ரொறன்ரோ அடிக்கும் முறை, மூன்று பேஸிலும் ஆள், ஒருவர்தான் அவுட். தரையோடு ஒரு அடி. அதே ரொஹாஸ் பொறுக்கித் தடுமாறி வீசுகிறார். மூன்றாவது பேஸிலிருந்து ஓடிவந்த ஐசாயா கைனர்-ஃபலெஃபா ஒரு சாண் தூரத்தில் அவுட். அவர் ஏன் பேஸோடு ஒட்டிக்கொண்டு நின்றார், ஏன் கொஞ்சம் முன்னாலே விலகி நிற்கவில்லை என்று இன்றைக்கும் கனடா முழுக்கச் சண்டை. பதினோராவதில் டொட்ஜர்ஸின் வில் ஸ்மித் ஹோம் ரன், 5–4. இதில் வெள்ளவத்தையில் தொப்பி போட்டவருக்கு இடமே இல்லை, ஐயா.

இப்போது நான் கவனிக்கச் சொன்ன இடம். உங்கள் போன வருஷக் கடிதத்தை மறுபடி எடுத்து வாசித்தேன். ஐந்தாம் பக்க அடியில் இருக்கிறது, நான் அன்றைக்குப் பாய்ந்து தாண்டிப் போன இரண்டு வரி: "ஆட்டம் முடிந்ததும் அண்ணர் எடுப்பார். இருவரும் அரை மணித்தியாலம் திட்டுவோம். பிறகு அவர் படுக்கப் போவார், நான் பாண் வாங்கப் போவேன்." பருவத்துக்கு நூற்றுச் சொச்சம் காலைகள், முப்பது வருஷத்துக்கு மேலாக ஒன்றாக இருக்காத இரண்டு சகோதரர்கள், தினமும் அரை மணித்தியாலம். இந்த வருஷம் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை எத்தனை தடவை கதைத்தீர்கள்? உங்கள் புதுக் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அம்மாவின் திவசத்துக்கு ஒருமுறை, மருமகளின் கல்யாணத்துக்கு ஒருமுறை. நான் நிறுத்தச் சொன்னது அலாரத்தை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணர் கோபிப்பது ராசிக்காக அல்ல என்று எனக்குப் படுகிறது. புளூ ஜேய்ஸ் முப்பது வருஷத்தில் விளையாடிய நல்ல பருவத்தை அவர் தனியாகப் பார்த்திருக்கிறார். திட்டுவதற்குக் காரணமே இல்லாத 94 வெற்றி, எடுத்துச் சொல்ல ஆளில்லை.

எனவே மன்னிப்புக் கேட்டுப் போன் எடுக்காதீர்கள், எடுக்கமாட்டார். காலை ஏழரைக்கு, அங்கே அவர் படுக்கைக்குப் போகும் நேரம், ஒரு குறுஞ்செய்தி மட்டும் அனுப்புங்கள்: "கைனர்-ஃபலெஃபா ஏன் இரண்டு அடி முன்னாலே நிற்கவில்லை?" ஐந்து நிமிஷத்தில் அவரே எடுப்பார். அரை மணித்தியாலத்துக்கு வைக்கமாட்டார். பிரஷர் மாத்திரையை முதலில் போட்டுவிட்டு அனுப்புங்கள்.

பேஸ்போல் என்பது நம்முடைய எல்லே விளையாட்டைத்தானே வெள்ளைக்காரர் திருடிக்கொண்டது?
— மாணவர், கொட்டாஞ்சேனை

திருடியதற்குச் சாட்சி இல்லை. ஒற்றுமை உண்டு. அடித்துவிட்டு வட்டமாக ஓடுவது, தரிப்பிடங்கள், வெளியே நின்று பந்து பிடிப்பது. எல்லேயில் மூங்கில் தடி, மெத்தென்ற பந்து, ஓடுபவர் மேல் பந்தை எறிந்து பட்டால் அவுட். பேஸ்போலிலும் ஆதியில் அப்படி எறிந்திருக்கிறார்கள். 1845இல் நியூயோர்க்கில் ஒரு கழகம் எழுதிய விதிகளில் அதைத் தடை செய்தார்கள். ஓடுகிறவருடைய மண்டை தப்பியது, அதனால் கெட்டியான பந்து பாவிக்க முடிந்தது. உங்களுக்கு ஆசை இருந்தால் தூரம் போக வேண்டியதில்லை. ஹோமாகம பக்கம் தியகமவில் ஜப்பான் உதவியோடு அமைத்த பேஸ்போல் மைதானம் இருக்கிறது. 2019இல் மேற்காசியக் கிண்ணத்தை இலங்கை வென்றது. உங்கள் வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நாளைக்குக் கேட்டுப் பாருங்கள்.

கனடா அணிக்காக அழுகிறவருக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிறீர்களாம். நம்முடைய கிரிக்கெட் அணிக்காக அழுகிற எங்களுக்கு யார் எழுதுவது?
— முச்சக்கரவண்டி ஓட்டுநர், தெஹிவளை

போன வாரமே இவரிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி வாய்விட்டது என் பிழை. என்னை ஏற்றிக்கொண்டு போகும்போதே கேட்டார், பிறகு எழுதியும் அனுப்பிவிட்டார்.

உங்களுக்குப் பதில் எழுதுவது கஷ்டம் தம்பி. 2023 செப்டெம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதி, நம்முடைய பிரேமதாச மைதானத்திலேயே 50 ஓட்டத்துக்கு எல்லோரும் அவுட். சிராஜுக்கு ஆறு விக்கெட். இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. டிக்கெட் வாங்கி உள்ளே போனவர் கதிரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தபோது வெளியே வரச் சொல்லிவிட்டார்கள். ஒன்றரை மாதத்தில் மும்பையில் உலகக் கிண்ண ஆட்டம், 55. ஐந்து ஓட்டம் முன்னேற்றம் என்று அன்றைக்கு நீங்களே வண்டியில் சொன்னீர்கள். அந்தப் பகிடியை நான் இன்றைக்கும் நாலு இடத்தில் என் பகிடி என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அலாரம் நிறுத்தச் சொல்லமாட்டேன், போன தடவை சொன்னதற்கே இந்தப் பாடு.

ஐயா, மேலே கடிதம் எழுதியவரின் மனைவி நான். கடித உறைக்குள் அவருக்குத் தெரியாமல் இந்தத் துண்டை வைக்கிறேன். அந்த நீலத் தொப்பியை 1994இலிருந்து தோய்க்க விடுகிறாரில்லை. தோய்த்தால் அணி தோற்குமாம். இப்போது தோற்றுவிட்டதே, இனித் தோய்க்கலாமா?

தாராளமாக. ஆனால் வாளியில் ஊறப் போடாதீர்கள், மெஷினில் கட்டாயம் போடாதீர்கள். அந்தக் காலத்துத் தொப்பிகளில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குள் மட்டை வைத்திருப்பார்கள், ஊறினால் கரைந்து தொளதொளத்துப் போகும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, பழைய பல்துலக்கியால் வியர்வைப் பட்டியை மட்டும் உரஞ்சுங்கள். வெளிப்பக்கத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும். கடற்காற்றில் கொடியில் தொங்கவிடாமல், ஒரு சின்னச் சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வைத்து நிழலில் காயவிடுங்கள், வடிவம் கெடாது. அவர் காலையில் பாண் வாங்கப் போகிற நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். அண்ணர் மறுபடி எடுக்கத் தொடங்கினால் பாண் வாங்க எட்டு மணியாகிவிடும், ஆறுதலாகத் தோய்க்கலாம்.